மரியாதையாகத்தான் பேசினான்

எங்கோ, எப்போதோ பிறக்கப் போகிற என் மகனுக்கு,

எனக்கு இப்போது வயது பதினேழு. பீளமேட்டில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளி ஆண்டு மலருக்காக எங்கள் தமிழம்மா, "உங்களை ஒரு தாயாகவோ தகப்பனாகவோ நினைத்துக்கொண்டு, வளர்ந்து வீட்டை விட்டு வெளியூர் கிளம்பும் பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்" என்றார். வகுப்பில் பாதிப் பேர் மணி அடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டார்கள். நன்றாகப் படி, வேளைக்குச் சாப்பிடு, கைப்பேசியைக் குறைத்துக்கொள், பெரியவர்களை மதித்து நட. நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாவது வரியில் பேனா நின்றுவிட்டது. உனக்குச் சொல்ல என்னிடம் உண்மையாகவே ஒரு விஷயம் இருந்தது. அது இந்த வரிகளில் இல்லை. "மகளுக்கு எழுதேன், உனக்கு அதுதான் நல்லா வரும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மகளுக்குச் சொல்ல ஊரே இருக்கிறது மகனே. பார்த்துப் போ, இருட்டுவதற்குள் வா, துப்பட்டாவைச் சரியாகப் போடு, அவன் பார்த்தால் நீ பார்க்காதே. பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த "அவன்" யாரோ, அவனிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் உனக்குத்தான் எழுதுகிறேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பும் நாளில் இதை உன் கையில் கொடுப்பேன். அன்றைக்கு நான் மாறிப்போயிருந்தாலும் இதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டோடு ஒரு நாடகம் ஓடும். தொலைக்காட்சியில் வருகிற மாமியார் மருமகள் நாடகமில்லை. அதெல்லாம் அம்மாவுக்கு அலுத்துவிட்டது. இது கைப்பேசிச் செயலியில் வாராவாரம் வருவது; டிவியில் இணைத்துப் பார்ப்போம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றியது. பெயரை எழுத மாட்டேன், நீ தேடிப் பார்த்துவிடுவாய். அதில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனாக வருகிறவனுக்கு நன்றாகத் தாடி முளைத்திருக்கும். யாரும் ரெக்கார்டு நோட்டு எழுத மாட்டார்கள். யாரும் பேருந்துக்கு ஓட மாட்டார்கள். பெண்களுக்கு வயிற்று வலியே வராது. அம்மாக்கள் ஒரு தட்டில் ஜூஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு மறைந்துபோவார்கள். அப்பாக்கள் ஒன்று கத்துவார்கள், இல்லையென்றால் மாலை போட்ட படத்தில் சிரிப்பார்கள். அந்த வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு கரண்டிகூடக் கிடந்து நான் பார்த்ததில்லை. என் அம்மா பம்புசெட் உதிரிபாகக் கடையில் பில் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தி தேய்ப்பவர். அப்பா சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். சட்டையைக் கழற்றி மாட்டினாலும் எண்ணெய் வாடை அவரை விட்டுப் போகாது. இந்த இரண்டு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த வீடுகளைப் பார்ப்பதை நான் பார்ப்பேன். "இந்தப் பசங்க எப்பத்தான் படிப்பாங்க?" என்று அப்பா கேட்பார். "நீங்க கம்முனு பாருங்க" என்பார் அம்மா.

அம்மாவுக்கு அந்தக் கதாநாயகனை மிகவும் பிடிக்கும். காரணம், அவன் எங்கள் பக்கத்துப் பேச்சுப் பேசுவான். கதாநாயகியை வாங்க, போங்க என்பான். "ஏனுங்க, ஒரு நிமிசம் நில்லுங்க" என்று அவள் வழியை மறித்துக்கொண்டு நிற்பான். அவள் வேண்டாம் என்பாள். "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் இங்கயே நிப்பனுங்க" என்பான். மழை வரும். அப்போதும் நிற்பான். பின்னால் வயலின் வாசிப்பார்கள். "எவ்வளவு மரியாதையாப் பேசறான் பாரு. நம்மூருப் பையன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்று அம்மா எனக்கு இன்னொரு சப்பாத்தி போடுவார்.

இங்கே நான் கவனித்த ஒன்றை உனக்குச் சொல்லவேண்டும். அதே நாடகத்தில் ஒரு பகுதியில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பிடித்து, முத்தம் கொடுத்துக்கொள்ள நெருங்குவார்கள். அந்த நொடியில் அப்பா எழுந்துவிடுவார். "மோட்டார் ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கம் போவார். எங்கள் வீட்டில் மோட்டார் தானாகவே நின்றுவிடும் வகை. அதைப் பொருத்தியதே அவர்தான். அம்மா ரிமோட்டைத் தேடுவார். நான் தண்ணீர்ச் செம்பைப் பார்ப்பேன். ஆனால் கதாநாயகன் கதாநாயகியின் கையை எட்டிப் பிடித்து, விடாமல், "என்னைப் பாருங்க" என்று சொல்லும்போது ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே இருப்போம். பிடித்துச் செய்ததைப் பார்க்க வெட்கப்படுகிறவர்கள், பிடிக்காமல் செய்ததைச் சாவகாசமாகப் பார்க்கிறோம். இது எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. புரிந்தபோது ஒருத்தியின் படிப்பு நிற்கப் பார்த்தது.

நான் வயதுக்கு வந்தபோது பொள்ளாச்சி ரோட்டில் ஒரு மண்டபம் பிடித்து தெரட்டிச் சீர் செய்தார்கள். மாமா வீட்டுத் தட்டுகள் வரிசையாக வந்தன. என் முகத்தைப் பெரிதாகப் போட்டு ரோட்டோரம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பேருந்தில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த மாதம் வயிறு வலிக்கிறது என்று அப்பா முன்னால் சொன்னதற்கு, "மெதுவாப் பேசு" என்று அம்மா கண்ணைக் காட்டினார். ஊருக்கே போர்டு வைத்துச் சொன்னதை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. உனக்கு ஒரு தங்கை இருந்தால், மருந்துக் கடைக்குப் போய் அவளுக்கு வேண்டியதை நீ வாங்கிவருவாய். கடைக்காரர் கருப்புப் பையில் சுற்றினால், "சுத்த வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுக் கையிலேயே எடுத்து வா. இது வேண்டுகோள் இல்லை.

வெளிநாட்டு நாடகங்களையும் பார்த்திருக்கிறேன், தமிழில் குரல் கொடுத்தவை. என் அத்தை பெண்ணின் கைப்பேசியில், சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு பார்த்தோம். அவற்றிலும் நம்ப முடியாதது நிறைய உண்டு. பதினாறு வயதில் ஜோடி இல்லாதவர்களை ஏதோ நோயாளியைப் போலப் பரிதாபமாகக் காட்டுவார்கள். எல்லோருக்கும் பூட்டுப் போடுகிற தனி அறை இருக்கும். ஒல்லியாக இல்லாத பெண் வந்தால் சிரிக்க வைப்பதற்குத்தான் வருவாள். ஆனால் ஒரு காட்சி எனக்கு மறக்கவில்லை. ஒரு பையன் தன் தோழியிடம் முத்தம் கொடுக்கலாமா என்று கேட்கிறான். அவள் கொஞ்சம் யோசித்து, "இன்னைக்கு வேண்டாம்" என்கிறாள். "சரி" என்கிறான். பிறகு இரண்டு பேரும் உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிடுகிறார்கள். மழை வரவில்லை, வயலின் இல்லை, அவன் முகமும் சுருங்கவில்லை. "அவ்வளவுதானா?" என்று அத்தை பெண் ஏமாந்துபோனாள். எனக்கு அந்த "சரி"யைத் திரும்பப் போட்டுக் கேட்கவேண்டும்போல இருந்தது. நம் நாடகத்தில் எந்தப் பையனும் அப்படி ஒரு சரி சொல்லி நான் கேட்டதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். என் தோழி ஒருத்தி கிணத்துக்கடவிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி எங்கள் பள்ளிக்கு வருகிறாள். அவளுக்கு வேண்டிய கணினிப் பாடப் பிரிவில் இங்கேதான் இடம் கிடைத்தது. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றச் சொன்னாள். "பழைய பேரா வை. எவனும் தேடி வரமாட்டான்" என்றாள். ஆகவே அவள் பெயர் கோகிலா. நான் கண்ணாடி போட்டவள், எப்போதும் கையில் புத்தகம் வைத்திருப்பவள். அந்த நாடகங்களில் என்னைப் போன்ற பெண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான்: கதாநாயகன் சொல்வதைக் கதாநாயகியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கடைசிப் பகுதியில் கண்ணாடியைக் கழற்றுவாள், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். இதைப் பார்த்து நான் எத்தனையோ முறை எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த வேலை என்னைத் தேடி வந்தபோது ஓடிப்போய் ஏற்றுக்கொண்டேன்.

மாலையில் எங்கள் பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் வந்து நிற்கத் தொடங்கினான். பக்கத்துக் கல்லூரியில் முதல் வருடம். தலை வாரியிருப்பான், சட்டையை உள்ளே விட்டிருப்பான். "ஏனுங்க, ஒரு நிமிசங்க" என்று கோகிலாவிடம் பேச ஆரம்பித்தான். அவள் முதல் நாளே "எனக்கு இதெல்லாம் வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டாள். மறுநாளும் நின்றான். "நீங்க சரின்னு நெனைக்கற வரைக்கும் நான் காத்திருப்பனுங்க" என்றான். அவள் என்னிடம், "எனக்குப் புடிக்கலடி. பஸ் வர்ற வரைக்கும் பயமா இருக்குது" என்றாள். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "மரியாதையாத்தானே பேசறான்? கெட்ட பையன்னா இப்படிப் பேசுவானா?" என் அம்மாவின் வாக்கியம் அது. என் வாயிலிருந்து வந்தது.

ஒருநாள் அவள் பேருந்து போன பிறகு அவன் என்னிடம் வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவிங்க ஃப்ரெண்டுதானுங்களே? அவிங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டான். நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அப்போது எனக்கிருந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்கக் கூடாது. கதைக்குள் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்ட சந்தோஷம் அது. ஊரைச் சொன்னேன். எந்த நிறுத்தம் என்றும் சொன்னேன். தேங்காய் மண்டிக்கு எதிர்ச் சந்து, கடைசி வீடு என்று அவன் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குள் வயலின் வாசித்துக்கொண்டே வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவன் கிணத்துக்கடவுக்குப் பேருந்து ஏறிப் போய் கோகிலா வீட்டு எதிரில் நின்றான். அவள் அப்பா தோப்பிலிருந்து வந்தவர், யாரோ பையன் வெயிலில் நிற்கிறானே என்று கூப்பிட்டு விசாரித்தார். "வணக்கங்க மாமா. கோகிலாவோட ஃப்ரெண்டுங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றான். இவ்வளவு பணிவாகப் பேசுகிறவனை வாசலில் நிற்கவைப்பது எப்படி? நம் பக்கத்தில் அது நடக்காது. உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். குடித்து முடித்ததும் இன்னொரு டம்ளர் ஊற்றினார். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லி அனுப்பிவைத்தார். அதன் பிறகு கதவைச் சாத்திவிட்டு மகளைக் கூப்பிட்டு விசாரணையைத் தொடங்கினார். திங்கட்கிழமை கோகிலா பள்ளிக்கு வரவில்லை. அவள் அம்மாவின் கைப்பேசியிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது: "இனி ஸ்கூல் இல்ல. பரிட்சைக்கு மட்டும் கூட்டிட்டு வருவாங்களாம். லேப் நோட்டை எடுத்து வை."

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. கணினி அவள் வீட்டில் கிடையாது. வீட்டிலிருந்து படிப்பது என்றால் அவளுக்குப் படிப்பு அவ்வளவுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அன்று மாலை அம்மா சப்பாத்தி மாவு பிசையும்போது சொன்னேன். "அய்யோ பாவம். பையன் எப்படிப்பட்டவன்?" என்று கேட்டார். "உங்களுக்குப் புடிக்கற மாதிரி. ரொம்ப மரியாதையாப் பேசுவான். ஊட்டுக்கு வழி சொன்னதே நான்தான்" என்றேன். அம்மா அடுப்பை அணைத்தார். மாவுக் கையோடு என்னை ஓர் அறை அறைவார் என்று நினைத்தேன். "நாளைக்குக் கடைக்கு லீவு சொல்லிப்போடறேன். அவிங்க ஊட்டுக்குப் போலாம், நீயும் வா" என்றார். மறுநாள் உக்கடத்தில் ஏறிய பேருந்து ஈச்சனாரி தாண்டும்போதுதான் அந்தப் பேச்சை மறுபடி எடுத்தார். "அந்த நாடகத்துப் பையனை எனக்கு நெசமாவே புடிக்கும்டி. அதுதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்குது" என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"வாங்க அம்மணி. வா கண்ணு. வெயில்ல வந்திருக்கீங்களே" என்று கோகிலாவின் அப்பா எங்களையும் உட்காரவைத்தார். எங்களுக்கும் மோர் வந்தது. கோகிலா சமையலறைக் கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"புள்ளைய எதுக்குங்கண்ணா நிறுத்திப்போட்டீங்க?" என்று அம்மா கேட்டார்.

"நிறுத்தலீங்க அம்மணி. ஊட்ல இருந்து படிக்கட்டும்னுதானுங்க."

"அந்தப் பையன் ஏதாச்சும் பேசினானுங்களா?"

"சேச்சே. தப்பா ஒரு வார்த்தை பேசலீங்க. மரியாதையாத்தான் பேசினான். அவனைக் குத்தம் சொல்லி என்னங்க? எடம் குடுக்காம ஒருத்தன் இத்தனை தூரம் பஸ் ஏறி வருவானுங்களா? நேரா நம்மூட்டு முன்னால வந்து நிக்கறான். வழி யாரு சொன்னான்னு கேட்டா, நான் சொல்லலங்கறா. அப்பறம் காத்துலயா வந்துச்சு?"

இதைச் சொல்லாமலே இருந்துவிடலாம், அம்மா வேறு ஏதாவது பேசிச் சமாளித்துவிடுவார் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடியும் கோகிலாவை அவர் நம்பாத நொடிதான் என்பதும் தெரிந்தது. "நான் சொன்னனுங்க" என்றேன். "ஊடு எங்கன்னு எங்கிட்டதான் கேட்டான். நான்தானுங்க சொன்னேன். அவளுக்குத் தெரியாது."

அவர் என்னைப் பார்ப்பதற்கு முன்பே கோகிலா கூடத்துக்கு வந்துவிட்டாள். "நீயா?" என்றாள். "எனக்குப் புடிக்கலன்னு உங்கிட்ட சொன்னனில்ல?"

"சொன்ன."

"பயமா இருக்குதுன்னு சொன்னனில்ல?"

"சொன்ன."

"அப்பறம் எதுக்குடி சொன்ன? என்னை வச்சு நாடகம் பாத்தியா நீ?"

அதைத்தான் செய்திருந்தேன் மகனே. அவள் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "மொதல் நாளே அவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டனுங்கப்பா. அதைத்தான் உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க அவன் சொன்னதை நம்புனீங்க. அவனுக்கு மோர் குடுத்துட்டு, கேள்வியெல்லாம் எங்கிட்ட கேட்டீங்க."

"ஒரு டம்ளர் இல்ல கண்ணு, ரெண்டு" என்றார் அதுவரை பேசாமலிருந்த அவள் அம்மா. என் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவள் அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, "ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்களே அம்மணி. யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார். "நல்லா யோசிங்கண்ணா. ஆனா நாளைக்குக் காலையில புள்ளைய பஸ் ஏத்தி உட்டுப்போட்டு யோசிங்க. அவளுக்குப் பாடம் போயிட்டு இருக்குது. நின்னவன் எவனோ, நிறுத்தறது இவளையா?" என்றார் அம்மா. குரல் உயரவில்லை. ஒரு சொல்லில்கூட மரியாதை குறையவில்லை. பில் புத்தகத்தை மூடிவைப்பதுபோலச் சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்து எழுந்துவிட்டார்.

மறுநாள் கோகிலா வந்தாள். அவள் அப்பாவும் கூடவே வந்தார். மாலையில் என் அப்பாவும் பட்டறையிலிருந்து நேராக நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். வரச் சொன்னது அம்மாதான் என்று எனக்குத் தெரியும். வழக்கமான நேரத்துக்கு அவன் வந்தான். கோகிலாவின் அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வணக்கங்க மாமா" என்றான். "வாங்க தம்பி. உங்களைப் பாக்கத்தான் நிக்கறோமுங்க" என்றார் அவர். மற்றதை மகளிடம் விட்டுவிட்டார். கோகிலாதான் பேசினாள். அவள் கை என் பையின் வாரைப் பிடித்திருந்தது. என்னோடு அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசாதவள், என் பையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேண்டாம்னு சொன்னனுங்களா இல்லையா?"

"சொன்னீங்க."

"மொதல் நாளே சொன்னனுங்களே. அப்பறம் எதுக்குங்க தெனமும் வந்தீங்க? எங்கூட்டுக்கு எதுக்குங்க வந்தீங்க?"

நின்றிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பையன் மரியாதையாத்தானே நிக்கறான், விடும்மா" என்றார் தயிர்ப் பாக்கெட் வைத்திருந்த ஒருவர். "நீங்க உங்க பஸ்ஸைப் பாருங்க" என்றேன் நான். பெரியவர் ஒருவரை அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை. அதற்காக எனக்கு வருத்தமில்லை.

அவன் முகத்தைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். அவன் முறைக்கவில்லை. மிரட்டவில்லை. உண்மையாகவே ஒன்றும் புரியாமல் விழித்தான். "வேண்டாம்னு மொதல்ல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க? நின்னா மனசு மாறும்னு..." என்றான். கண் சிவந்துவிட்டது. "நான் ஒண்ணும் தப்பாப் பேசலையேங்க. கையைக்கூடத் தொடலீங்களே. நான் என்னங்க பண்ணுனேன்?"

என் அப்பா எதற்கும் பேசாதவர். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி அவன் பக்கத்தில் போனார். "தம்பி, அந்தப் புள்ளை தெனமும் ஸ்கூல் உட்டு இங்க வர்றதுக்குப் பயந்துக்கிட்டு வந்துச்சுங்க. உங்களைப் பாத்துத்தான் பயந்துச்சு. வேண்டாம்னு ஒரு தடவை சொன்னா, அத்தோட முடிஞ்சுதுங்க. இதை உங்கூட்ல யாரும் உங்ககிட்ட சொல்லலீங்களா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். "இல்லீங்க" என்றான்.

அதன் பிறகு அவன் அந்த நிறுத்தத்துக்கு வரவில்லை. வந்தால் அவன் கல்லூரிக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுப்பது என்று இரண்டு அப்பாக்களும் முடிவுசெய்து, அதை அவனிடமும் சொல்லிவிட்டார்கள். கோகிலா தினமும் வருகிறாள்; அவள் அப்பா ஒரு வாரம் அவளோடு வந்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆய்வகத்தில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறாள். என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்போல எல்லாவற்றையும் சொல்வதில்லை. அதைத் திரும்பச் சம்பாதிக்க எனக்கு நாளாகும். யாராவது உன்னிடம் வந்து ஒரு பெண்ணின் வீட்டுக்கு வழி கேட்டால், எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும், முதலில் அவளைக் கேள். உன் தோழி தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால், அவன் நல்லவன்தானே என்று நீ அவளுக்குச் சொல்லாதே.

நீ போகிற ஊரில் உன்னையும் யாருக்காவது பிடிக்கும், உனக்கும் யாரையாவது பிடிக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எழுந்து பின்பக்கம் போக மாட்டேன். உன்னோடு உட்கார்ந்து பேசுவேன். போய்க் கேள், தலை வாரிக்கொண்டு போ, ங்க போட்டுப் பேசு. அவள் வேண்டாம் என்றால், "சரிங்க" என்று சொல்லிவிட்டு உன் பேருந்தில் ஏறு. மனசு வலிக்கும். வலியோடு வீட்டுக்கு வா, சோறு போடுகிறேன். ஆனால் அங்கே நிற்காதே. மழை வந்தாலும், உலகத்து நாடகங்களெல்லாம் உன்னை நிற்கச் சொன்னாலும் நிற்காதே. அந்தப் பையன் கெட்டவன் இல்லை என்று நான் நம்புகிறேன். அவன் வீட்டில் ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை, நாடகம்தான் சொல்லிக்கொடுத்தது. நீ அவனைப் போல யோசித்துப் பார்த்துவிட்டு "இல்லீங்க" என்று சொல்ல முடியாது மகனே. உன்னைப் பெறுவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, உன் அம்மா உனக்குச் சொல்லிவிட்டாள்.